ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் மாற்றிய பிறகு வண்டி மக்கர் பண்ணினால்

போன வருடம் மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் பிக்கப்புக்கு அடியில் படுத்துக்கொண்டு கியர் ஆயிலை மாற்றினேன். லெவல் போல்ட்டைத் திறந்தேன், ஆயில் ஒழுகியது, ஒழுகல் சொட்டாகக் குறைந்ததும் மூடினேன். வேலை முடிந்தது என்று குளித்துவிட்டுத் தூங்கிவிட்டேன். திங்கள் காலை ஐந்தரைக்கு ரிவர்ஸ் போட்டால் வண்டி நகரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் நேரம் கழித்து 'டொம்' என்று ஒரு உதை. எதிர்வீட்டு அண்ணன் காசிமேட்டுக்கு ஐஸ் ஏற்றிப் போகிறவர். டீ கிளாஸோடு நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னா தம்பி, நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு? சும்மா கெடந்தத நோண்டிட்டியா?"

நோண்டியதுதான். ஆனால் கியர் பாக்ஸ் கெடவில்லை. உள்ளே ஆயில் குறைவு, அவ்வளவுதான். அதற்கு வெயில் பாதிக் காரணம், நான் பாதிக் காரணம். ஆயில் மாற்றிய பிறகு வருகிற கோளாறுகளில் பெரும்பாலானவை, கியர் பாக்ஸைப் பிரிக்கச் சொல்லும் அளவுக்குப் பயமுறுத்துகிறவைகூட, கடைசியில் ஆயிலின் அளவில்தான் வந்து நிற்கின்றன. அந்த அளவை எந்தச் சூட்டில் பார்த்தோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் உங்கள் வண்டியில் என்ன கோளாறு என்றாலும் முதலில் அடுத்த பகுதியைப் படித்துவிடுங்கள். அப்புறம் உங்கள் கோளாறுக்குத் தாவலாம்.

நான் சொல்வது டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) இல்லாத ஆட்டோமேட்டிக் பிக்கப்புகளுக்கு. இப்போது வருகிற ஆறு கியர் வண்டிகளில் பலவும் இந்த ரகம். ஏஸ், பொலேரோ என்று மேனுவல் கியர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. கொடுத்து வைத்தவர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்: அளவு சரியா?

டிப்ஸ்டிக் இல்லாத கியர் பாக்ஸில் அளவு பார்க்க இரண்டு போல்ட் இருக்கும். பக்கவாட்டில் மேலே இருப்பது நிரப்பும் போல்ட். அடியில் ஆயில் பானில், அதாவது ஆயில் தேங்கும் தட்டில், இருப்பது லெவல் போல்ட். இன்ஜின் ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போது லெவல் போல்ட்டைத் திறந்தால், அதிகமாக இருக்கும் ஆயில் வழிந்துவிடும். வழிவது நூலாக மெலிந்து சொட்டாக மாறும்போது மூட வேண்டும். ஒன்றுமே வரவில்லையென்றால் ஆயில் குறைவு. மேல் போல்ட் வழியாகப் பம்பால் ஏற்ற வேண்டும்.

இதில் மூன்று நிபந்தனைகள். ஒன்று, கியர் ஆயிலின் சூடு கம்பெனி சொன்ன எல்லைக்குள் இருக்க வேண்டும். வண்டிக்கு வண்டி மாறும், ஆனால் பெரும்பாலும் 35 முதல் 45 டிகிரிக்குள் ஒரு சின்ன இடைவெளிதான். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும் எண்தான் கணக்கு. இரண்டு, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இன்ஜினை அணைத்துவிட்டால் பம்ப் நின்றுவிடும், மேலே சுற்றிக்கொண்டிருந்த ஆயில் பானுக்கு இறங்கிவிடும், அளவு அதிகமாக இருப்பதுபோல் தெரியும். நீங்களும் வழியவிட்டுவிடுவீர்கள். சில கம்பெனிகள் இன்ஜினை அணைத்துப் பார்க்கச் சொல்வதும் உண்டு. அதற்கும் புத்தகம்தான் சாட்சி. மூன்று, வண்டி மட்டமாக நிற்க வேண்டும்.

நான் இந்த மூன்றில் இரண்டைக் கோட்டை விட்டேன். சைலன்சர் சூடு முகத்தில் அடிக்கிறது என்று இன்ஜினை அணைத்தேன். அதைவிடப் பெரிய தப்பு, நேரம். மே மாத மதியத்தில் நம் ஊரில் நிழலிலேயே 38 டிகிரி. திருவொற்றியூர் வரை ஒரு நடை போய் வந்த வண்டியின் கியர் ஆயில் எழுபதைத் தாண்டியிருக்கும். நிறுத்திவைத்தாலும் சீக்கிரம் ஆறாது, ஏனென்றால் காற்றே 38. ஆயில் சூடானால் விரியும். பத்து லிட்டர் ஆயில் 30 டிகிரி கூடுதலாகச் சூடானால் ஏறக்குறைய கால் லிட்டர் பெருகும். அந்தக் கால் லிட்டர் வெளியே வழிகிறது, நாம் அதிகம் இருந்தது என்று நினைத்து மூடுகிறோம். காலையில் ஆயில் குளிர்ந்து சுருங்கியதும் உள்ளே பற்றாக்குறை.

அதனால் இந்த ஊரில் கோடையில் கியர் ஆயில் மாற்ற ஒரே நேரம் விடியற்காலை. முந்தின இரவே வண்டியை நிறுத்தி வைத்துவிடுங்கள். ஐந்து மணிக்கு ஆயில் முப்பதுக்குச் சற்று முன்பின் இருக்கும். இன்ஜினைப் போட்டு, பிரேக்கை மிதித்தபடி லிவரை ஒவ்வொரு கியரிலும் சில விநாடி நிறுத்தி, மறுபடி பார்க்கில் விட்டால், நாம் அடியில் போய்ப் படுப்பதற்கும் சூடு எல்லைக்குள் நுழைவதற்கும் சரியாக இருக்கும். ஏசியை அணைத்து வையுங்கள். டிசம்பர், ஜனவரியில் காலை பத்து மணி வரைகூடத் தாங்கும்.

சூட்டை எப்படி அளப்பது? கியர் ஆயிலின் சூட்டைக் காட்டுகிற ஸ்கேனர் இருந்தால் நல்லது. மலிவான ப்ளூடூத் ஸ்கேனர்கள் பலவற்றில் இன்ஜின் சூடுதான் தெரியும், அதை நம்பிவிடாதீர்கள். அது இல்லையென்றால் டெம்பரேச்சர் கன்னை ஆயில் பானில் காட்டுங்கள். தகடு உள்ளே இருக்கும் ஆயிலைவிடச் சில டிகிரி குறைவாகக் காட்டும், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மட்டத்துக்குக் கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கிச் சேசிஸில் வைத்துப் பாருங்கள். எங்கள் தெரு சாக்கடைப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பிக்கப் உயரமான வண்டி, ஒல்லியாக இருந்தால் ஜாக்கி இல்லாமலே அடியில் நுழையலாம். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் நான்கு பக்கமும் ஸ்டாண்டில் ஒரே உயரத்தில் தூக்க வேண்டும். கடற்கரை ஓரத் தெருக்களில் மணலில் ஸ்டாண்டு புதையும். அடியில் கனமான பலகை போடாமல் நுழையாதீர்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

நிரப்பும் போல்ட் கழலவில்லை

அப்படியானால் ட்ரெயின் போல்ட்டில், அதாவது பழைய ஆயிலை இறக்குகிற அடிப் போல்ட்டில், கை வைக்காதீர்கள். இதுதான் இந்த வேலையின் முதல் விதி. ஆயிலை இறக்கிய பிறகு மேல் போல்ட் கழலவில்லை என்று தெரிந்தால், வண்டி ஆயில் இல்லாமல் தெருவில் நிற்கும். மெக்கானிக் கடைக்குத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். உப்புக்காற்று அடிக்கிற ஊரில் போல்ட் துருவேறி இறுகிக் கிடப்பது சாதாரணம். முந்தின நாள் துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள். ஆறு மூலை பாக்ஸ் ஸ்பேனர் போடுங்கள். பன்னிரண்டு மூலை ஸ்பேனர் போல்ட் தலையை மழுக்கிவிடும்.

இன்னொன்று, சரியான போல்ட்தானா என்று பாருங்கள். நான்கு சக்கர இழுவை உள்ள பிக்கப்பில் கியர் பாக்ஸுக்குப் பின்னாலேயே, முன்சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கும் இரண்டு போல்ட். அதை இறக்கிவிட்டு, கியர் பாக்ஸில் புது ஆயிலை ஏற்றினால், ஒன்றில் இரட்டிப்பு, இன்னொன்று காலி. கீழே வந்த ஆயில் சிவப்பாக இல்லாமல் கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் உடனே நிறுத்துங்கள்.

ட்ரெயின் போல்ட்டைத் திறந்தால் ஒரு டம்ளர்தான் வந்தது

சில கியர் பாக்ஸில் ட்ரெயின் துளைக்கும் லெவல் துளைக்கும் ஒரே போல்ட். உள்ளே ஒரு சின்னக் குழாய் நிற்கும். அதன் உயரத்துக்கு மேல் இருப்பது மட்டும் வழியும். ஆலன் கீயை உள்ளே விட்டு அந்தக் குழாயையும் கழற்றினால்தான் பான் காலியாகும். திரும்பப் போடும்போது மென்மையாக இறுக்குங்கள், அது பெரும்பாலும் பிளாஸ்டிக்.

முழுதாக இறக்கினாலும் மொத்த ஆயிலில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிக்குள்தான் வரும். மிச்சம், இன்ஜினின் இழுவையை ஆயில் வழியாகக் கியர் பாக்ஸுக்குக் கொடுக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும் கூலர் குழாய்களிலும் நிற்கும். ஒருமுறைக்கு 40 சதவீதம் மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டாவது முறையில் புது ஆயில் 64 சதவீதம், மூன்றாவதில் 78. நடுவில் சில நாள் ஓட்டிவிட்டு மூன்று முறை மாற்றுவதே என் பழக்கம். ஒவ்வொரு முறையும் வெளியே வந்ததை அளவு போட்ட கேனில் அளந்து, அதே அளவை ஏற்றுங்கள். பழைய ஆயிலை அளக்காமல் கொட்டிவிட்டு வந்து நின்றால் யாராலும் உதவ முடியாது.

டிரைவோ ரிவர்ஸோ போட்டால் யோசித்துவிட்டு நகர்கிறது

என் வண்டியின் கோளாறு. காலையில் மட்டும் தாமதம், சூடான பிறகு சரியாகிவிடுகிறது என்றால் அளவு குறைவு என்பதற்குப் பத்துக்கு ஒன்பது வாய்ப்பு. விடியற்காலையில் மறுபடி சரியாக அளவு பாருங்கள். எனக்கு முக்கால் லிட்டர் ஏற்றிய பிறகுதான் லெவல் துளையில் சொட்டு விழுந்தது. அன்றோடு தாமதம் போய்விட்டது.

அளவு சரியாக இருந்தும் தாமதமென்றால், ஃபில்டரையும் மாற்றினீர்களா என்று யோசியுங்கள். ஃபில்டரின் கழுத்தில் ஒரு ஓரிங் (ரப்பர் வளையம்) இருக்கும். பழைய ஓரிங் மேலேயே துளையில் ஒட்டிக்கொண்டு நிற்க, புது ஃபில்டரைப் புது ஓரிங்கோடு அழுத்திவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு. சரியாக உட்காராத இடத்தில் பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும். பானைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

சூட்டிலும் தாமதம், ஆயில் மாற்றுவதற்கு முன்பும் இதே தாமதம் என்றால், அது உள்ளே சீலோ கிளட்ச்சோ தேய்ந்த விஷயம். ஆயிலால் ஆகாது.

ரேஸ் ஆகிறது, இழுக்கவில்லை

ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஆர்பிஎம் முள் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. மெக்கானிக்குகள் இதை 'சிலிப்' என்பார்கள். முதலில் அளவு. அடுத்து, என்ன ஆயில் ஊற்றினீர்கள்?

சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. ஹைலக்ஸ் போன்ற டொயோட்டா வண்டிகள் கேட்பது டபிள்யூ.எஸ். என்கிற மெல்லிய ரகம். கடைக்காரர் "எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் இதுதான் சார்" என்று டெக்ஸ்ரான் மூன்று என்கிற பழைய ரகத்தை எடுத்துக் கொடுப்பார். அது கெட்டி. ஆயிலின் கெட்டித்தனமும் வழுக்கும் தன்மையும் மாறினால் கிளட்ச் பிடிக்கும் விதமே மாறிவிடும். கேன் மேல் இருக்கும் பிராண்ட் எதுவாகவும் இருக்கலாம், பின்பக்கத்தில் உங்கள் வண்டியின் ரகத்தின் பெயர் இருக்க வேண்டும். தப்பான ஆயில் ஊற்றிவிட்டது தெரிந்தால் ஓட்டிப் பழக்காதீர்கள். இறக்கி, சரியானதை ஏற்றி, மேலே சொன்னபடி மூன்று முறை சுழற்றுங்கள்.

இங்கே அந்தப் பழைய வாதம் வரும்: "ஓடின வண்டிக்கு கியர் ஆயில மாத்தாத, மாத்தினா சிலிப் ஆயிடும்." முழுப் பொய்யில்லை. கிளட்ச் ஏற்கெனவே தேய்ந்து வழுக்கும் நிலையில் இருக்கிற வண்டியைத்தான் பலர் கடைசி நம்பிக்கையாக ஆயில் மாற்றக் கொண்டுவருகிறார்கள். மறுநாள் நின்றால் பழி புது ஆயிலின் மேல். என் கணக்கில், இந்த ஊர் வெயிலுக்கும் சுமைக்கும் 60,000 முதல் 80,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிட வேண்டும். 'ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லை' என்று சொல்பவர்கள் யாருடைய ஆயுளைச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

பழைய ஆயில் கருத்து, தீய்ந்த வாடையோடு வந்திருந்தால் கிளட்ச் எரிந்திருக்கிறது. பானுக்குள் இருக்கும் காந்தங்களைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மைபோல ஒட்டியிருந்தால் பயமில்லை, எல்லா கியர் பாக்ஸிலும் இருக்கும். விரலில் குத்துகிற இரும்புச் சில்லு இருந்தால் விஷயம் வேறு, ஒர்க்ஷாப்புக்குப் போங்கள்.

கியர் மாறும்போது இடிக்கிறது

ஆயில் மாற்றிய முதல் நாளில் லேசான இடி இருந்தால் பதறாதீர்கள். தேய்மானத்துக்கும் பழைய ஆயிலுக்கும் ஏற்ப அழுத்தத்தைக் கம்ப்யூட்டர் பழகி வைத்திருக்கும். புது ஆயிலுக்கு அது மறுபடி பழக வேண்டும். நெரிசல், காலியான சாலை இரண்டிலும் மிதமாக ஓட்டுங்கள். நூறு, இருநூறு கிலோமீட்டருக்குள் தெளியவில்லையென்றால் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் பழகியதை அழிக்கச் சொல்லலாம். அதற்கு முன் அளவும் ரகமும் சரி என்று தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தப்பான ஆயிலுக்கு வண்டியைப் பழக்கியதாக ஆகும்.

அறுபது எழுபதில் ஒரு உதறல்

லேசாக மிதித்துச் சீராகப் போகும்போது, ரோட்டில் வெள்ளைக் கோட்டுத் திட்டுகள் மேல் ஏறியதுபோல் 'டர்ர்ர்' என்று ஒரு நடுக்கம். கொஞ்சம் கூட மிதித்தாலோ விட்டாலோ நின்றுவிடுகிறது. டயர் பேலன்ஸ் என்று நினைத்துப் பணம் செலவழிக்கிறவர்கள் அதிகம். அப்படியே போய்க்கொண்டு பிரேக் பெடலை இடது காலால் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொட்டுப் பாருங்கள், காலியான சாலையில் மட்டும். உதறல் சட்டென்று நின்றால் அது டார்க் கன்வெர்ட்டரின் லாக்கப் கிளட்ச், சீரான வேகத்தில் கன்வெர்ட்டரைப் பூட்டிப் பிடிப்பது. பிரேக் விளக்கு எரிந்ததும் லாக்கப் விடுபடும், டயர் கோளாறு விடுபடாது. ஆயில் மாற்றினால் நன்றாகவே குணமாகிற கோளாறு இது. மூன்று சுற்று மாற்றியும் போகவில்லையென்றால் கன்வெர்ட்டரைப் பார்க்க வேண்டியதுதான்.

ஊளைச் சத்தம்

ஆர்பிஎம்மோடு கூடிக் குறைகிற 'ங்ங்ங்' சத்தம், நியூட்ரலிலும் கேட்கிறது. பம்ப் காற்று குடிக்கிறது. அளவு, ஓரிங், ஃபில்டர், இந்த வரிசையில் பாருங்கள். அளவு அதிகமானாலும் இதே சத்தம் வரலாம், சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். குளிர்ந்த ஆயிலில் அளவு பார்த்து ஏற்றியவர்களுக்கு இது வரும்.

காலையில் தரையில் சிவப்புச் சொட்டு

எங்கே விழுந்திருக்கிறது என்று அட்டையை விரித்துப் பாருங்கள். பல பிக்கப்பில் பவர் ஸ்டீயரிங்கிலும் இதே சிவப்பு ஆயில்தான். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் சொட்டு என்றால் கியர் பாக்ஸ் குற்றவாளி இல்லை.

ட்ரெயின் போல்ட்டில் ஈரம் என்றால் பழைய வாஷரையே போட்டிருப்பீர்கள். புதுசு மாற்றுங்கள். பானைச் சுற்றி ஈரமென்றால், நம் ஆட்கள் வழக்கமாகச் செய்வது இன்னும் இறுக்குவது. அதில்தான் தகடு வளைந்து ஒழுகல் கூடும். பான் போல்ட்டுகள் சின்னவை, பெரும்பாலான வண்டிகளில் பத்து நியூட்டன் மீட்டர்கூட வேண்டியதில்லை. கையால் திருகி, குறுக்குக் குறுக்காக மெல்ல இறுக்கினால் போதும். இன்னும் இறுக்கினால் அலுமினியத்தில் மறை உருவிக்கொண்டு வந்துவிடும். ரப்பர் பேக்கிங் வருகிற வண்டியில் மேலே அனாபாண்ட் மாதிரி ஒட்டும் பேஸ்ட் தடவாதீர்கள், பேக்கிங் வழுக்கி வெளியே பிதுங்கும். பேக்கிங்கே இல்லாமல் பேஸ்ட்டால் ஒட்டுகிற ரகத்தில் மட்டும் பேஸ்ட்.

ரேடியேட்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களையும் தடவிப் பாருங்கள். எண்ணூர், காசிமேடு பக்கம் ஓடுகிற வண்டியில் அவை கிளிப் பிடிக்கிற இடத்தில் துருப்பிடித்துக் கசியும்.

ஆயில் ரோஸ்மில்க் நிறத்தில் வருகிறது

இன்ஜினைப் போடாதீர்கள். உள்ளே தண்ணீர். இரண்டு வழியில் வரும். ஒன்று, ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும் கியர் ஆயில் கூலர் ஓட்டையாகி, கூலண்ட்டும் ஆயிலும் கலப்பது. ரேடியேட்டர் தண்ணீரில் ஆயில் மிதக்கிறதா என்று பாருங்கள். ரேடியேட்டரை மாற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை.

இரண்டாவது நமக்குப் பழக்கமானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, மணலி எல்லாம் மிதந்தபோது நிறைய வண்டிகள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றன. கியர் பாக்ஸ் மூச்சுவிடுவதற்கு மேலே ஒரு சின்னக் குழாய் உண்டு. சூடான கியர் பாக்ஸ் வெள்ளத்தில் இறங்கிச் சட்டென்று குளிரும்போது அந்தக் குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கிளட்ச் தகடுகளில் ஒட்டியிருக்கும் காகிதம் போன்ற பூச்சுக்குத் தண்ணீர் எமன், ஒட்டுவிட்டு உரியும். வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன் ட்ரெயின் போல்ட்டைத் திறந்து நிறம் பாருங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், நின்றுபோன வண்டியில் முதலில் வெளியே வருவது அதுதான். லேசாகக் கலங்கியிருந்து, வண்டி ஓடாமலும் இருந்தால் பலமுறை மாற்றிக் காப்பாற்றலாம். அந்த ஆயிலோடு ஓட்டிவிட்டிருந்தால் வாசலில் வைத்துச் செய்கிற வேலையில்லை.

கியர் ஆயில் சூடு விளக்கு எரிகிறது

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் சுமையோடு மாட்டிக்கொண்டு ஊர்ந்து போகும்போது வருவது. ஓரம் கட்டி, பார்க்கில் போட்டு, இன்ஜினை ஓடவே விடுங்கள். அணைத்தால் பம்ப் நின்று ஆயில் கூலருக்குப் போகாது. விளக்கு அணைந்ததும் கிளம்பலாம். ஆயில் மாற்றிய பிறகுதான் இது வர ஆரம்பித்தது என்றால் அளவைப் பாருங்கள், குறைவும் சூடேற்றும், அதிகமும் சூடேற்றும். மாற்றுவதற்கு முன்பே வந்தது என்றால் ரேடியேட்டர் முன்பக்கம் சேறும் தூசும் அடைத்திருக்கிறதா என்று பார்த்து, தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள்.

பழைய ஆயில்

மூன்று சுற்று மாற்றினால் பத்துப் பன்னிரண்டு லிட்டர் சேரும். சென்ட்ரிங் பலகைக்குத் தடவ என்று யாராவது கேட்பார்கள். சாக்கடையில் மட்டும் ஊற்றாதீர்கள். நம் சாக்கடை பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது, கால்வாய் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போகிறது. அதே மிக்ஜாம் சமயத்தில் மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் அந்த வழியில் பரவி, மீன்பிடிக்கிறவர்கள் படகும் வலையும் கறுத்து நின்றதைப் பார்த்த ஊர் இது. புது ஆயில் வந்த கேனிலேயே ஊற்றி மூடி, பழைய ஆயில் வாங்குகிற சர்வீஸ் கடையில் கொடுத்துவிடுங்கள். நான் எதிர்வீட்டு அண்ணனின் வண்டியில் ஏற்றி அனுப்பினேன். அவர் வண்டி மேனுவல் கியர். அதைச் சொல்லிக்காட்டாமல் அவரும் எடுத்துக்கொண்டு போகவில்லை.